குறுக்கே கிடந்த சிப்பாய்

அண்ணையைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் விட்டுப் பத்தாம் நாள் டாக்குத்தர் என்னை வெளியே கூப்பிட்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல ஏலாது, ஒரு கிழமையும் போகலாம், நாளைக்கும் போகலாம் என்றார். நான் உள்ளே திரும்பிப் போனபோது அண்ணைக்கு அது தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“சேமக்காலைக்குப் போனனியோ? எங்கடை குழியளைப் பார்த்தனியோ?”

இல்லை என்றேன்.

“போய்ப் பார். என்னைச் சிப்பாயோடை வை. வேறை எங்கையும் வைக்காதை.”

நான் மேசன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அண்ணை சொன்னதைச் செய்து பழகியவன். ஓம் என்றேன். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி கன நேரம் நின்றேன். சிப்பாய் எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

சிப்பாய் என்றது எங்கள் அப்பாவின் அப்பப்பாவுக்குத் தகப்பனை. வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் படையில் இருந்தவர். யாழ்ப்பாணக் கோட்டையில் காவல் நின்று, பென்சனோடு விலகி, எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டி, இங்கேயே செத்தவர். பேர் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் சிப்பாய் என்றுதான் கதை. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவரும் அவர்தான் என்று சொல்லுவார்கள். அண்ணை நாற்பது வருசம் சபையில் உபதேசியார். உயிர்ப்பு ஞாயிறு விடிய எல்லோரும் சேமக்காலையில் கூடும்போது சிப்பாயை வைத்துத்தான் பிரசங்கம் தொடங்குவார். துவக்கைக் கீழே வைத்துவிட்டு வேதபுத்தகத்தைத் தூக்கின மனிசன் என்பார்.

சேமக்காலை வாசலுக்குக் கிட்டத்தான் அவரின் குழி. மேலே ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. அதில் ஊதுகொம்பு ஒன்று வெட்டியிருக்கும். மற்ற எல்லாரும் கிழக்கே கால் நீட்டிக் கிடக்க இவர் மட்டும் குறுக்கே கிடந்தார். ஏன் என்று கேட்டால், அவர் காவல்காரன், வாசலுக்குக் குறுக்கே படுத்திருக்கிறார், ஆரும் தாண்டி வர ஏலாது என்று அப்பா சொல்லுவார். அப்பாவுக்கு அவரின் அப்பா சொன்னது. நாங்களும் எங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொன்னோம்.

பிறகு இடப்பெயர்வு வந்தது. ஊர் முழுக்க ஆமியின் வேலிக்குள் போனது. அப்பா கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் செத்தார். வேறு சபைக்காரர் இரங்கித் தங்கள் சேமக்காலையில் ஓர் ஓரம் தந்தார்கள். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கெதியாய் மூடிவிட்டு வந்தோம். கன வருசத்துக்குப் பிறகு நானும் அண்ணையும் தேடிப் போனோம். அந்த ஓரத்தில் யாரோ வீடு கட்டியிருந்தார்கள். அடுப்பெரிந்த குசினிதான் அப்பாவின் இடம் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்தப் பிடிவாதம்.

காணி விடுபட்டு நாங்கள் ஊருக்குத் திரும்பினபோது சேமக்காலையில் மதிலும் இல்லை, கல்லும் இல்லை. ஒரு பாதி முள்ளுப் பற்றை. மற்றப் பாதியில் ஆமி போட்ட றோட்டு. அப்பப்பாவும் அவரின் தகப்பனும் அந்த றோட்டுக்குக் கீழே. சபைச் செயலாளர் ஒரு சட்டம் வைத்திருந்தார். சபைப் புத்தகத்தில் பேர் உள்ள குடும்பம் மட்டும் பழைய இடத்தில் புதைக்கலாம். குழியை அவர்களே காட்டவும் வேண்டும். மற்றவர்களுக்குக் கடற்கரைப் பக்கம் புதுக் காணி.

அண்ணையின் பிடிவாதம் எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் பக்கம் ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே கல். குழி வெட்டுகிறதென்றால் நாலு பேர் இரண்டு நாள் அடிக்க வேண்டும். அதனால் ஒருமுறை வெட்டின குழியைக் குடும்பம் விடாது. திறந்து, உள்ளே இருக்கிற எலும்பைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் புது ஆளை இறக்குவது. துணியை அண்ணை முன்னமே வாங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் அது அவரின் தலையணைக்குக் கீழே இருந்தது. தாதிமார் எடுக்க விடமாட்டார்.

செயலாளரிடம் போனேன். படித்த மனிசன், என்னிலும் இளமை. புத்தகம் யாழ்ப்பாணத்தில் தலைமைக் கந்தோரில் இருக்கிறது, போய்ப் பாருங்கோ என்றார். அடுத்தநாள் காலமை என் மனிசியை ஆஸ்பத்திரியில் இருத்திவிட்டு பஸ் ஏறினேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருமுறை அடித்தது. மனிசி என்று நினைத்தேன். போன் கொம்பனிக்காரன்.

கந்தோரில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேரைக் கேட்டா. தெரியாது, சிப்பாய் என்றேன்.

“சிப்பாய் எண்டு ஒருத்தரும் ஞானஸ்நானம் எடுக்கிறேல்லை, ஐயா.”

எண்டாலும் நல்ல மனிசி. எங்கள் சபையின் பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்தா. எல்லாம் இங்கிலிசில், கையெழுத்து. தாள் கைபட்டால் உடைகிற மாதிரி. அவ விரலை ஓடவிட்டு வாசித்தா, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல் வந்தது. என்ன என்றேன். பேதி என்றா. அந்த வருசம் கொலறா வந்து சனம் செத்திருக்கு. ஒரு வீட்டில் அஞ்சு பேர். அவ வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தா.

சிப்பாய் அந்தப் பக்கங்களில் இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்திலும் இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. புத்தகத்தில் ஆள் இல்லையென்றால் அண்ணை கடற்கரைக்குத்தான். அதை எப்படி அவருக்குச் சொல்லுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவ விரலை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா.

“இஞ்சை ஒரு மனிசி இருக்கிறா. ரைபிள் படைச் சிப்பாய் ஒருத்தரின்ரை விதவை. வயசு போய்ச் செத்தவ. புருசன் பேதியிலை முதலே செத்தவராம். அவருக்குக் கிட்ட அடக்கம் பண்ணினதெண்டு கிடக்கு.”

பிள்ளைகளின் பேரும் இருந்தது. அதில் ஒன்று எங்கள் அப்பப்பாவின் தகப்பனின் பேர். எங்கள் ஆட்கள்தான். அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்துத் தந்தா. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பஸ்ஸில் நாலைந்து தரம் தொட்டுப் பார்த்தேன்.

செயலாளர் கொப்பியைப் பார்த்தார். பெண்சாதி இருக்கிறா, அது காணும் என்றார். ஆனால் குழியை நீங்கள்தான் காட்டவேணும், பிழையான குழியைத் திறந்தால் சபை பொறுப்பில்லை என்றும் சொன்னார்.

அடுத்தநாள் இரும்பு அலவாங்கோடு போனேன். வாசல் இருந்த இடத்தை மட்டுப் பிடிக்கப் பழைய பனைகள் ஒன்றும் இல்லை. எல்லாம் பங்கருக்குத் தறித்தது. கிணற்றை மூடியிருந்தார்கள். றோட்டோரம் கண்ணிவெடி எடுத்த ஆட்கள் நட்ட பலகை நின்றது. எடுத்தாச்சு என்றுதான் எழுதியிருந்தது. எண்டாலும் அலவாங்கை மெல்லத்தான் இறக்கினேன். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினேன். கல்லில் பட்டால் டங் என்று வரும். வெட்டின குழியென்றால் புதைந்து போகும்.

பத்து மணிபோல் ஓர் இடத்தில் புதைந்தது. பக்கங்களைக் குத்திப் பார்த்தேன். நீட்டுப்பாடு வடக்கும் தெற்கும். வாசலுக்குக் குறுக்கே. சிப்பாய்தான். நான் அதிலேயே இருந்துவிட்டேன். மனிசிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அண்ணைக்குச் சொல்லு என்றேன். சொன்னாவாம். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, சரி என்றாராம்.

மண்ணை எடுக்க ஒன்றரை நாள் பிடித்தது. முதுகு பிடித்துக்கொண்டது. ஆளைப் பிடித்து வேலை செய்விக்கலாம். ஆனால் சொந்தக்காரன் கைதான் எலும்பைத் தொடவேணும். மார்பளவு இறங்கினதும் அலவாங்கை விட்டுவிட்டுக் கையால் மண்ணை விலக்கினேன். சுண்ணாம்புக் கல்லுக்குள் எலும்பு கெதியில் போகாது. தலை வடக்கே கிடந்தது. மற்றவர்களைப் போல மல்லாக்கக் கிடக்கவில்லை. வலப்பக்கம் சரிந்து, மேற்கே பார்த்தபடி கிடந்தது. முதுகுப் பக்கம் முட்டுக்கொடுத்த மாதிரி மூன்று கல். விழாமல் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அது விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம். சில வருசத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் ஆட்களின் மையவாடிக்கு மதில் கட்டினேன். அங்கே ஒரு நாள் குழி வெட்டி ஆள் வைக்கிறதை மதிலில் நின்று பார்த்தேன். இப்படித்தான் வைத்தார்கள். இதே பக்கம், இதே சரிவு.

குழியை விட்டு ஏறினேன். பக்கத்தில் மண்ணை வழித்துப் பார்த்தபோது பழைய அத்திவாரம் ஒன்று தெரிந்தது. சேமக்காலையின் முதல் மதில். சிப்பாய் அதற்கு வெளியே கிடந்தார். பின்னாளில் யாரோ மதிலைத் தள்ளிக் கட்டினபோதுதான் உள்ளே வந்திருக்கிறார். நாங்கள் நாலு தலைமுறை மேசன்மார். ஒருவரும் பார்க்கவில்லை. வருசா வருசம் வெள்ளையடித்தோம்.

மையவாடி வேலை தந்த முஸ்லிம் மனிசரை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரின் நம்பர் போனில் இருந்தது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கொந்தராத்து எடுத்து வேலை செய்விக்கிறவர். எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். முதலில் ஒன்று கேட்டார்.

“முகம் மேற்கையோ?”

ஓம் என்றேன்.

“அந்தப் படையிலை மலாய்க்காரர் கனபேர் இருந்தவை. எங்கடை ஆக்கள். பேதி நேரம் ரவுனுக்குத் தூக்கிக்கொண்டு வர விட்டிருக்க மாட்டினம். செத்த இடத்திலை வைச்சிருக்கினம். ஆனால் ஆரோ தெரிஞ்ச ஆள் நிண்டுதான் வைச்சிருக்கு.”

இப்ப நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

“மூடுங்கோ. எடுக்காதேங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

திறந்தது பிழையோ என்று கேட்டேன். தெரியாமல்தானே செய்தனீங்கள் என்றார். அது எனக்குப் போதவில்லை. எண்டாலும் மேலே கேட்கவில்லை.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க இரண்டு மாதிரியும் யோசித்தேன். சொல்லாமல் விடலாம். அவருக்குத் தெரியவா போகிறது. இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ. நாற்பது வருசப் பிரசங்கத்தை ஒரு சாகிற மனிசனிடமிருந்து ஏன் பறிக்க வேண்டும். சொல்லாமல் விடுகிறதென்று முடிவெடுத்துக்கொண்டுதான் வார்ட்டுக்குள் போனேன். அண்ணை தலையணைக்குக் கீழே கையை விட்டுத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“எலும்பு கிடந்துதோ?”

கிடந்தது என்றேன்.

“அப்ப இதை ஏன் வாங்காமல் நிக்கிறாய்?”

கையை நீட்ட எனக்கு ஏலவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து அண்ணையின் காதுக்குள் சொன்னேன்.

“அவர் எங்கடை வேதமில்லை, அண்ணை. முஸ்லிம் ஆள். மதிலுக்கு வெளியிலை வைச்சிருக்கு.”

அண்ணை துணியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தார். மூச்சு இழுத்தது. மணியை அழுத்தவோ என்று எழும்பினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“அப்ப எங்களுக்கு ஆர் வேதம் கொண்டுவந்தது?”

“மனிசி போலை. அவதான் புத்தகத்திலை இருக்கிறா.”

“அவ எங்கை?”

“அவருக்குக் கிட்ட எண்டு எழுதியிருக்கு. இன்னும் தேடேல்லை.”

அண்ணை கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்தேன்.

“நாப்பது வருசம் அந்த மனிசனை வைச்சுப் பிரசங்கம் பண்ணினனான். ஒருத்தனும் எழும்பிப் பிழையெண்டு சொல்லேல்லை.” அவரின் வயிறு மெல்லக் குலுங்கியது. சிரிப்பென்று விளங்க எனக்கு நேரம் எடுத்தது. “போய் மூடு. அவரைக் குழப்பாதை. என்னை மனிசியோடை வை.”

அடுத்தநாள் விடியச் சிப்பாயை மூடினேன். மூன்று கல்லும் இருந்தபடி விட்டேன். கையால் எடுத்த மண்ணைக் கையாலேயே போட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிய நானா மோட்டர் சைக்கிளில் வந்தார். நான் கூப்பிடவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஓதினார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். பிறகு ஒரு நாள் என்று போய்விட்டார்.

சிப்பாயின் மனிசியைத் தேட அதிகம் அலையவில்லை. பழைய அத்திவாரத்துக்கு உள்பக்கம், மூன்றடி தள்ளி அலவாங்கு புதைந்தது. கிழக்கே கால் நீட்டின குழி. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவ. இதைவிடக் கிட்ட வைக்க ஏலாது. நான் ஒரு மேசனாய்ச் சொல்லுகிறேன். அவவின் எலும்பை அண்ணையின் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்தேன். குழியைச் சுத்தம் பண்ணி, இடுங்கின இடத்தை உளியால் அகலப்படுத்தினேன். அண்ணை தோள் அகலமான ஆள்.

எல்லாம் ஆயத்தம். அண்ணை சாகவில்லை.

இன்றைக்கோ நாளைக்கோ என்று நாலு நாள் போனது. குழி திறந்தபடி கிடந்தது. மூடினால் திரும்ப எடுக்க என் முதுகு விடாது, ஆள் எந்த நேரமும் போகலாம். தகரம் இரண்டு போட்டு மேலே கல் வைத்தேன். ஊரில் கதை தொடங்கியது. சந்திக் கடையில் பாண் வாங்க நின்றேன். ஆளுக்கு உயிர் இருக்க குழி வெட்டிப்போட்டுக் காவல் இருக்கிறான் என்று பின்னால் ஒருவன் சொன்னான். மற்றவன், மேசன் அளவு எடுக்க இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போறவன் என்றான். நான் திரும்பவில்லை. பாணை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அது உள்ளே இருந்து அரித்தது. குழி திறந்திருக்கிறதால்தான் அண்ணை இழுபடுகிறாரோ என்று நினைத்தேன். அல்லது அதுவே அவரை இழுக்கிறதோ என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

ஐந்தாம் நாள் மழை வந்தது. ஐப்பசி மழை. தகரம் நிற்கவில்லை. கல்லுக்குள் வெட்டின குழியில் தண்ணீர் வடியாது, தொட்டி மாதிரி நிற்கும். முதல் நாள் கணுக்கால் அளவு. எலும்புப் பொட்டணியை எடுத்து வீட்டில் சாமி அறை மாதிரி ஓர் இடத்தில், அண்ணையின் வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் விடிய வாளியால் அள்ளுவேன். மத்தியானம் திரும்ப நிறையும். அப்பாவை மூடின அன்றும் மழை. அவரின் குழியிலும் தண்ணீர் இருந்தது. நாங்கள் அள்ள நேரமில்லாமல் இறக்கினோம். பெட்டி தண்ணீரில் பட்டு ஒரு சத்தம் வந்தது. அண்ணையும் நானும் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலமை போனேன். அண்ணையின் குரல் காற்றுப்போலத்தான் வந்தது.

“குழியிலை தண்ணி நிக்குதோ?”

இல்லை என்றேன். அன்று விடிய முழங்கால் மட்டும் நின்றது.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். என் சாரம் முழங்கால் வரை நனைந்து, வெள்ளைக் களி பிடித்திருந்தது.

“பொய் சொல்ல வரேக்கை சாரத்தை மாத்திக்கொண்டு வா, தம்பி.”

நான் பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. நாங்கள் அப்படிப் பழக்கமில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

அடக்கத்தன்று விடியவே வாளியோடு போனேன். மழை விட்டிருந்தது, ஆனால் வானம் மூடித்தான் கிடந்தது. அறுபது வாளி மட்டும் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். சாக்கால் ஒற்றி எடுத்தேன். அடியில் மூன்று சாக்கு மணல் கொட்டிப் பரவினேன். பொட்டணியைக் கால்மாட்டில் வைத்தேன். போதகர் செபம் சொல்லும்போது தூறல் தொடங்கியது. சுருக்கமாய் முடியுங்கோ என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. கயிற்றின் ஒரு தலைப்பை நான் பிடித்தேன். பெட்டி இறங்கியது. நான் மற்ற எல்லாவற்றையும் விட்டுக் காதை மட்டும் கீழே வைத்திருந்தேன். மணலில் உட்கார்ந்தது. தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. கயிற்றை விட்டேன்.